டெம்பிள், வில்லியம் ஹோரஸ் (1898–1988)

ஒன்ராறியோ மாகாண அரசியலர். ரொறன்ரோவின் மேற்குப் பகுதியில் மதுவிலக்கைக் கட்டிக்காத்தவர். ‘மதுவிலக்கு பில்’ என்றும் ‘மதுவிலக்கு வில்லி’ என்றும் இருவிதமாக அழைக்கப்பட்டார். தொழிற்சங்கப் பணியில் ஈடுபட்டவர், சி.சி.எஃப். என்ற சமதர்மக் கட்சியைச் சேர்ந்தவர். அக்கட்சியின் மூத்த தலைவர்கள் சிலர் தேவாலயப் போதகர்களாக இருந்தவர்கள் என்பதால், சமதர்மமும் மதுவிலக்கும் ஒருவரிடமே சேர்ந்திருந்தது அன்று யாருக்கும் விந்தையாகப்படவில்லை.

ஒன்ராறியோவில் 1916இல் வந்த மதுவிலக்கு 1927இல் நீங்கியது. பின்னர் ஜோர்ஜ் ட்ரூவின் கன்சர்வேட்டிவ் அரசு, 1947 முதல் சாராய வகைகளைக் கலந்து விற்கும் மதுக்கூடங்களுக்கும் உரிமம் வழங்கியது. 1948 ஜூன் 7 தேர்தலில், ஹைபார்க் தொகுதியில் முதல்வர் ட்ரூவையே டெம்பிள் எதிர்த்து நின்றார். மதுக்கூடங்களே அவருடைய முதன்மையான பிரசாரப் பொருள். கன்சர்வேட்டிவ் கட்சி பெரும்பான்மையுடன் வென்றது. அதன் முதல்வர் மட்டும் சொந்தத் தொகுதியில் தோற்றார்! தோற்கடித்தது மதுவெதிர்ப்பே என்பது பரவலான கருத்து. ஆனால் அத்தேர்தலில் சி.சி.எஃப். 21 இடங்களை வென்று எதிர்க்கட்சியானதால், இடதுசாரி அலைக்கும் இதில் பங்கிருக்கலாம். ட்ரூ மாகாண அரசியலை விட்டு, அவ்வாண்டே கனடியக் கூட்டாட்சி அளவில் கன்சர்வேட்டிவ் கட்சியின் தலைவரானார். டெம்பிள் 1951இல் தோற்றார். அவர் கட்சிக்கு மிஞ்சியவை இரண்டே இடங்கள்.

அவருடைய நெடிய போராட்டம் சட்டமன்றத்துக்கு வெளியே, ‘ஜங்ஷன்’ பகுதியில் நடந்தது. கீல், டண்டாஸ் வீதிகள் சந்திக்கும் இடத்தைச் சுற்றிய இவ்வூரில், ரயில்வே தொழிலாளர் நிறைந்த மதுக்கடைகளின் அமளி பொறுக்காமல் 1904இல் மக்களே வாக்களித்து மது விற்பனையை நிறுத்தினர். 1909இல் ஊர் ரொறன்ரோவோடு இணைந்தபோதும் தடை நீடித்தது. வீட்டில் குடிக்கலாம், விற்கத்தான் கூடாது. உணவகத்தில் சாப்பாட்டோடு ஒரு குவளை பீர் வேண்டுமென்றால், எல்லையைத் தாண்டிப் போகவேண்டும். சேலத்தில் 1937இல் ராஜாஜி மதுவிலக்கைக் கொண்டுவந்தது சட்டத்தின் வலுவில். டெம்பிளுக்கு இருந்தது அக்கம்பக்கத்தாரின் வாக்கு மட்டுமே. தடையை நீக்கக் கோரி 1960களிலிருந்து எழுந்த முயற்சிகளைத் தேவாலயக் கூட்டமைப்பின் துணையோடு முறியடித்தார். 1984 வாக்கெடுப்பில் வென்றபோது அவருக்கு வயது எண்பத்தைந்தை ஒட்டியிருந்தது.

அவர் மறைந்து ஒரு பத்தாண்டுக்குள் வாக்காளர் மனம் மாறியது. 2000இல் ஜங்ஷன் உணவகங்களில் மது விற்பனை தொடங்கியது. பின்னாளில் அவ்வூரின் பெயரிலேயே பீர் ஆலை ஒன்றும் தோன்றியது.