மருத்துவர்–நோயாளி உரையாடல் ஆய்வு: காணொலிப் பதிவும் நேர்காணலும்

மருத்துவரின் அறையை விட்டு வெளியே வந்த பின்னர், கேட்க நினைத்ததைக் கேட்காமல் விட்டுவிட்டோம் என்று நீங்கள் வருந்தியிருக்கலாம். இது உங்கள் மறதியால் மட்டும் நேர்வதன்று. உரையாடல் நடைபெறும் விதமும் இதற்குக் காரணமாகிறது. அதனை அறியவே இவ்வகை ஆய்வுகள் மேற்கொள்ளப்படுகின்றன.

ஆய்வு எவ்வாறு நடைபெறுகிறது?

முதலில், ஒப்புதல் அளித்த நோயாளிக்கும் மருத்துவருக்கும் இடையிலான சந்திப்பு காணொலியாகப் பதிவு செய்யப்படுகிறது. பின்னர் இருவரிடமும் தனித்தனியே நேர்காணல் நடத்தப்படுகிறது. சில ஆய்வுகளில் பதிவை ஓடவிட்டு, இடையிடையே நிறுத்தி, "இந்த இடத்தில் என்ன நினைத்தீர்கள்?" என்று கேட்பர்.

இரண்டும் ஏன் தேவை?

யார் எவ்வளவு நேரம் பேசினார், எங்கே பேச்சு இடைமறிக்கப்பட்டது, மருத்துவரின் பார்வை நோயாளியிடம் இருந்ததா, கணினித் திரையில் இருந்ததா என்பவற்றைக் காணொலி காட்டும். நீங்கள் தலையசைத்ததையும் காட்டும். ஆனால் புரிந்துகொண்டு தலையசைத்தீர்களா, கேட்கத் தயங்கித் தலையசைத்தீர்களா என்பதை நேர்காணலில் நீங்கள் சொன்னால்தான் அறிய முடியும்.

ஆய்வுகள் கண்டறிந்தவை

அமெரிக்காவின் லாஸ் ஏஞ்சலிஸ் நகரக் குழந்தைகள் மருத்துவமனையில் 800 சந்திப்புகளின் உரையாடலை ஒலிப்பதிவு செய்து, தாய்மார்களையும் நேர்காணல் செய்த ஆய்வு 1968-இல் வெளியானது. குழந்தைக்கு என்ன நோய் என்று தெளிவாகச் சொல்லப்படவில்லை என ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கினர் கருதினர். நோய் எதனால் வந்தது என்று அறியாமலேயே ஏறத்தாழ பாதிப் பேர் திரும்பினர்.

2007-இல் வெளியான மற்றோர் அமெரிக்க ஆய்வில், 20 குடும்ப மருத்துவர்களை 224 நோயாளிகள் சந்தித்தது காணொலியாகப் பதிவு செய்யப்பட்டது. நோயாளிகளின் குறைகள் சந்திப்புக்கு முன்பே எழுதிப் பெறப்பட்டன. "வேறு ஏதாவது உண்டா?" என்ற கேள்வியை 'எனிதிங்' என்ற ஆங்கிலச் சொல்லுக்குப் பதிலாக 'சம்திங்' என்ற சொல்லால் கேட்டபோது, பலர் எஞ்சிய குறைகளையும் கூறினர். ஒன்றுக்கு மேற்பட்ட குறைகளுடன் வந்தவர்களிடையே, சொல்லப்படாமல் போகும் குறைகள் 78 விழுக்காடு குறைந்தன. சந்திப்பு நேரம் குறிப்பிடத்தக்க அளவில் நீளவில்லை.

உங்களைப் பங்கேற்கக் கேட்டால்

இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் 2017-ஆம் ஆண்டு நெறிமுறை வழிகாட்டுதல்களின்படி, இத்தகைய ஆய்வுக்கு நெறிமுறைக் குழுவின் அனுமதியும் உங்கள் ஒப்புதலும் தேவை.

• நீங்கள் மறுக்கலாம். இடையில் விலகவும் செய்யலாம். இதனால் உங்கள் சிகிச்சை பாதிக்கப்படக் கூடாது.
• பதிவை யார் பார்ப்பார்கள், எங்கே, எவ்வளவு காலம் வைத்திருப்பார்கள், எப்போது அழிப்பார்கள் என்று கேளுங்கள்.
• உடல் பரிசோதனையின்போது படக்கருவி நிறுத்தப்படுமா என்று கேளுங்கள்.
• ஆய்வுக்காக எடுத்த பதிவைப் பயிற்சி வகுப்பில் காட்ட விரும்பினால், அதற்கும் உங்கள் ஒப்புதலைப் பெற வேண்டும்.
• நேர்காணலில் மருத்துவரைப் பற்றி நீங்கள் கூறுவது அவருக்குத் தெரிவிக்கப்படுமா என்பதை முன்னரே கேட்டறியுங்கள்.

பராமரிப்பாளர்களுக்கு: உங்கள் முகமோ குரலோ பதிவாகுமெனில், உங்கள் ஒப்புதலும் பெறப்பட வேண்டும். குழந்தையின் சார்பில் பெற்றோர் ஒப்புதல் அளிப்பர்; 7 வயது நிறைந்த குழந்தையின் இசைவையும் கேட்க வேண்டும்.

ஆய்வில் பங்கேற்காவிட்டாலும்

1. உங்கள் குறைகளை ஒரு தாளில் எழுதி எடுத்துச் செல்லுங்கள். உங்களை மிகவும் அச்சுறுத்துவதை முதலில் கூறுங்கள்.
2. "இன்னும் ஒன்று கூற வேண்டும்" என்று சொல்லத் தயங்காதீர்கள்.
3. மருத்துவர் கூறியதை உங்கள் சொற்களில் திருப்பிச் சொல்லி, சரிதானா என்று கேளுங்கள்.
4. புரியாதபோது தலையசைக்காதீர்கள், "புரியவில்லை" என்று கூறுங்கள்.

நீங்கள் சொல்லாமல் விடும் ஓர் அறிகுறி, நோயைக் கண்டறிவதற்கு மருத்துவருக்குத் தேவைப்படும் அறிகுறியாகவே இருக்கக்கூடும்.