இளவேனிலின் இரு முகங்கள்

பங்குனி முடிந்து சித்திரை பிறக்கும் நாள்களில் வேங்கிக்கால் ஏரிக்கரையில் விடியற்காலை நடப்போர்க்கு இரண்டு காட்சிகள் ஒருங்கே கிடைக்கும். ஏரி நீர் நாளுக்கு நாள் உள்வாங்கிக்கொண்டிருக்கும். புங்க மரங்களோ பளபளக்கும் இளந்தளிர்களோடு நிற்கும். வேம்பு பூத்திருக்கும், எங்கோ ஒரு குயில் ஓயாது கூவும். தென்மேற்கே அண்ணாமலை அன்றைய வெயிலுக்குக் காத்திருக்கும். ஒரு பக்கம் வறட்சி, மறுபக்கம் தளிர். இரண்டும் சேர்ந்ததே நமது இளவேனில்.

மனித உள்ளத்திலும் இப்பருவம் இவ்வாறு இரு முகங்களோடுதான் வருகிறது. வசந்தம் என்றாலே மகிழ்ச்சி என்று பள்ளிப் பாடங்களும் வாழ்த்து அட்டைகளும் நமக்குக் கற்பித்துள்ளன. வரலாற்றைப் புரட்டிப் பார்ப்போர்க்கு அது பாதி உண்மையாகவே தோன்றும். அந்த மறுபாதியையும் அறிந்துகொள்வது நம் குடும்பங்களுக்கும் ஊருக்கும் நன்மை பயக்கும் என்பதால் இதனை எழுதத் துணிந்தோம்.

முதலில் மகிழ்ச்சியின் முகத்தைக் காண்போம். இலண்டன் மாநகரில் டிசம்பர் பிற்பகுதியில் பகற்பொழுது 8 மணி நேரத்திற்கும் குறைவு. ஜூனில் அதுவே பதினாறரை மணி நேரத்தைத் தாண்டுகிறது. இத்தகைய நாடுகளில் வசந்தம் என்பது ஒளி திரும்பி வரும் காலம். 1984ஆம் ஆண்டு, அமெரிக்கத் தேசிய மனநல நிறுவனத்தைச் சேர்ந்த நார்மன் ரோசன்தால் என்னும் மருத்துவரும் அவருடன் பணியாற்றியோரும் பருவகால மனச்சோர்வு என்னும் நோயை விவரித்து எழுதினர். பகல் குறையத் தொடங்கியதும் சிலர் சோர்ந்து போகின்றனர், மிகுதியாக உறங்குகின்றனர், மாவுப்பண்டங்களையும் இனிப்பையும் நாடுகின்றனர், மனிதர்களை விட்டு ஒதுங்குகின்றனர். வசந்தம் வந்ததும் தாமாகவே நலமடைகின்றனர். இவர்களைச் செறிந்த விளக்கொளியின் முன் நாள்தோறும் அமரச் செய்வதே மருத்துவமாயிற்று. பருவத்திற்கேற்ப மனம் வாடுவதைச் சோம்பல் என்று ஏசிய காலம் போய், அது உடலோடு பிணைந்த துன்பம் என்னும் தெளிவு இதனால் பிறந்தது.

நம் திருவண்ணாமலையோ நிலநடுக்கோட்டிற்கு வடக்கே ஏறத்தாழ 12 பாகையில் உள்ளது. இங்கு ஆண்டின் மிக நீண்ட பகலுக்கும் மிகக் குறுகிய பகலுக்கும் இடையே ஒன்றரை மணி நேர வேறுபாடுகூட இல்லை. நம் மக்களின் மனத்தை வாட்டுவது பெரும்பாலும் ஐப்பசி, கார்த்திகை மாதங்களின் அடைமழையே. அப்போது கூலி வேலை நின்றுவிடும், கூரை ஒழுகும், விளைந்த பயிர் நீரில் சாயும். மழை ஓய்ந்து, அறுவடை தொடங்கி, தை பிறக்கும்போதுதான் நம் உழவர் வீட்டில் முகங்கள் மலர்கின்றன. 'தை பிறந்தால் வழி பிறக்கும்' என்னும் பழமொழி இந்த விடுதலை உணர்வின் சுருக்கமாகும். மேல்நாட்டார் வசந்தத்தில் அடையும் மனநிலையை நாம் தையிலேயே அடைந்துவிடுகிறோம்.

ஆயினும் எல்லாருக்கும் வழி பிறப்பதில்லை. 2024 டிசம்பர் 1 அன்று, ஃபெஞ்சல் புயல் கொணர்ந்த பெருமழையில் அண்ணாமலையின் சரிவிலிருந்து மண்ணும் பாறையும் பெயர்ந்து, அடிவாரத்து வ.உ.சி. நகரில் ஒரு வீட்டின்மேல் சரிந்தன. குழந்தைகள் ஐவர் உட்பட எழுவர் மாண்டனர். அம்மாதம் 13ஆம் நாள் மலையுச்சியில் கார்த்திகைத் தீபம் ஏற்றப்பட்டது. பின்னர் ஒரு மாதத்தில் தை பிறந்தது, பொங்கலும் பொங்கியது. ஊர் பெருமூச்சு விட்டு எழுந்தது. ஆனால் அச்சிறுவர்களோடு விளையாடிய பிள்ளைகளுக்கும், அவர்களைத் தூக்கி வளர்த்த உறவினர்க்கும் அந்தத் தை எப்படிப் பிறந்திருக்கும்? நல்ல பருவம் வந்துவிட்டது என்பதே சிலருக்குப் பொறுக்கவொண்ணாத பாரமாகி விடுகிறது.

இதனை நம் முன்னோர் நன்கறிந்திருந்தனர். ஆண்டினை ஆறு பெரும்பொழுதுகளாக வகுத்த தொல்காப்பியம், வேனிற்காலத்தைப் பாலைத் திணைக்கு உரியதாக்கியது. பாலைக்குரிய ஒழுக்கம் பிரிவு. சித்திரையும் வைகாசியுமே இளவேனில் என்பது உரையாசிரியர் மரபு. ஆக, மரங்கள் பூக்கும் அக்காலத்தையும் பிரிந்தோரின் துயரத்தையும் தமிழ் இலக்கணம் ஒன்றாகவே முடிந்து வைத்தது. ஐங்குறுநூற்றில் ஓதலாந்தையார் பாடிய பாலைப் பகுதியில் 'இளவேனிற் பத்து' என்றே ஒரு பகுதி உண்டு. பருவம் தவறாமல் வந்துவிட்டது, சென்றவர் வந்திலர் என்னும் ஏக்கமே அதன் உயிர். பூக்கும் ஒவ்வொரு மரமும் தலைவிக்கு ஒரு நினைவூட்டலாகிறது. பூக்காமல் இருந்திருந்தால் அவள் இன்னும் சில நாள் பொறுத்திருப்பாள்.

சிலப்பதிகாரத்தின் வேனிற்காதையும் இதையே காட்டுகிறது. இளவேனில் வந்ததும், ஊடிச் சென்ற கோவலனுக்கு மாதவி மடல் எழுதுகிறாள். அதைக் கொண்டு செல்லும் தோழியின் பெயர் வசந்தமாலை. வசந்தத்தின் பெயரைத் தாங்கிய அவள், ஏற்கப்படாத மடலோடு திரும்பி வருகிறாள். நம் நகரின் அருணாசலேசுவரர் திருக்கோயிலில் சித்திரையில் நிகழும் வசந்த உற்சவம் மன்மத தகனத்தோடு நிறைவெய்துவதையும் இங்கு நினைக்கலாம். புராணங்கள் வசந்தத்தின் தோழன் என்று கூறும் மன்மதன் எரிந்து போகிறான். மலர்விழா சாம்பலில் முடிகிறது.

தமிழ்ப் புலவர் உள்ளத்தால் உணர்ந்ததை ஐரோப்பா பத்தொன்பதாம் நூற்றாண்டில் எண்களால் உணர்ந்தது. தற்கொலைகள் இருண்ட பனிக்காலத்தில் மிகும் என்றே அங்குப் பலரும் எண்ணியிருந்தனர். 1879இல் இத்தாலியரான மொர்செல்லியும், 1897இல் பிரெஞ்சு அறிஞர் எமில் துர்கெய்மும் பல நாடுகளின் பதிவேடுகளை ஆராய்ந்து, அதற்கு மாறான உண்மையை எடுத்துக் காட்டினர். சனவரி தொடங்கி எண்ணிக்கை ஏறுகிறது. வசந்தத்தின் இறுதியிலும் கோடையின் தொடக்கத்திலும் உச்சமடைகிறது. பகல் நீளும்போது சமூக வாழ்க்கை விரைவும் செறிவும் பெறுகிறது. அதன் அழுத்தமே காரணம் என்றார் துர்கெய்ம். பின்வந்தோர் வேறு விளக்கங்களும் தந்தனர். சோர்ந்தவரின் உடலில் ஆற்றல் திரும்பிய பின்னும் உள்ளத்தில் நம்பிக்கை திரும்பாதிருக்கும் இடைவெளி ஆபத்தானது என்பர் சிலர். எல்லாரும் சிரிக்கையில் தான் மட்டும் சிரிக்க இயலாத தனிமையே காரணம் என்பர் வேறு சிலர். காரணம் பலவாயினும், பூக்காலத்தில் விழிப்பாய் இருக்க வேண்டும் என்பது தெளிவு.

இதைப் பட்டறிந்தே எழுதுகிறோம். பல ஆண்டுகளுக்கு முன், ஓர் உயிர்ப்பு வாரத்தில், தன் வாழ்வைத் தானே முடித்துக்கொண்ட ஓர் இளைஞரை நாம் அடக்கம் செய்ய நேர்ந்தது. விழா மறையுரையில் 'மகிழுங்கள்' என்று பலமுறை முழங்கியிருந்தோம். அவர் அன்று கடைசி வரிசையில் அமர்ந்திருந்தார் என்பதைப் பின்னரே பிறர் சொல்லக் கேட்டோம். அந்தச் சொல் அவர் செவியில் எவ்வாறு விழுந்திருக்கும் என்னும் கேள்வி இன்றும் நம்மை விட்டு அகலவில்லை.

இத்தகையோரை உலகமும் திருச்சபையும் நடத்திய முறைக்கும் ஒரு வரலாறு உண்டு. 1917ஆம் ஆண்டின் திருச்சபைச் சட்டத் தொகுப்பு, தெரிந்தே தம் உயிரை மாய்த்துக்கொண்டோர்க்குத் திருச்சபை அடக்கச் சடங்கை மறுத்தது. 1983ஆம் ஆண்டுத் தொகுப்பில் அத்தடை இடம்பெறவில்லை. 1992இல் வெளியான கத்தோலிக்கத் திருச்சபையின் மறைக்கல்வி, கடுமையான உளத் துன்பம் ஒருவரின் பொறுப்பைக் குறைக்கக் கூடும் என்று ஏற்று, அவர்களுக்காகத் திருச்சபை மன்றாடுகிறது என்றது. நாட்டின் சட்டமும் இவ்வழியே நடந்தது. 1860ஆம் ஆண்டின் இந்தியத் தண்டனைச் சட்டம் தற்கொலை முயற்சியைக் குற்றமாக்கியிருந்தது. 2017ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டமோ, முயன்றவரைக் கடும் மன அழுத்தத்திற்கு ஆளானவராகக் கருதி, அவரைப் பேணும் கடமையை அரசின்மேல் சுமத்தியது. சென்னையில் 1986 முதல் 'சிநேகா' அமைப்பு துயருற்றோர்க்குச் செவிசாய்த்து வருகிறது. 2022இல் நடுவண் அரசு தொடங்கிய 'டெலி மானஸ்' சேவையை 14416 என்னும் எண்ணில் எவரும் அழைக்கலாம்.

ஆயினும் தொலைபேசிக்கு முன்னே அண்டை வீட்டார் இருக்கிறார்கள். நம் பகுதியின் சித்திரை, வைகாசி மாதங்களை எண்ணிப் பார்ப்போம். திருமணங்களும் திருவிழாக்களும் நிறைந்த அதே நாள்களில்தான் பள்ளித் தேர்வு முடிவுகள் வெளியாகின்றன. இனிப்பு வழங்கும் வீட்டிற்கு அடுத்த வீட்டில் ஒரு பிள்ளை கதவைச் சாத்திக்கொள்கிறது. பிழைப்புக்காகப் பெங்களூருக்கும் வளைகுடா நாடுகளுக்கும் சென்றவர் விழாவுக்கு வராத வீடுகள் உண்டு. பொருள்வயிற் பிரிவு ஏட்டோடு முடிந்துவிடவில்லை. சென்ற ஆண்டு விழாவில் உடனிருந்தவரை இவ்வாண்டு இழந்த வீடுகளும் உண்டு.

325இல் கூடிய நிசேயா பொதுச்சங்கம், உயிர்ப்பு விழாவை எல்லாத் திருச்சபைகளும் ஒரே நாளில் கொண்டாட வேண்டும் என முடிவு செய்தது. வசந்தகாலச் சமபகலிரவு நாளை ஒட்டி வரும் முழுநிலவிற்கு அடுத்த ஞாயிறு என்னும் கணக்கு நிலைபெற்றது. அந்த முதல் வசந்த ஞாயிற்றிலும் எல்லாரும் மகிழ்ந்திருக்கவில்லை. தோட்டத்தில் மகதலா மரியா அழுதுகொண்டு நின்றார். எம்மாவுக்குச் செல்லும் வழியில் இருவர் முகவாட்டத்தோடு நடந்தனர். அவர்களிடம் வந்த ஆண்டவர், 'மகிழுங்கள்' என்று தொடங்கவில்லை. ஏன் அழுகிறாய் என்று அங்கே வினவினார். எதைப் பற்றிப் பேசிக்கொண்டு போகிறீர்கள் என்று இங்கே கேட்டார். அவர்கள் சொல்லி முடிக்கும்வரை கூடவே நடந்தார்.

வேங்கிக்கால் ஏரிக்கரையில் புங்கு மீண்டும் தளிர்க்கும், குயிலும் கூவும். அதைக் கேட்டு மகிழ்வோர் மகிழட்டும். அந்தக் கூவலைக் கேட்கப் பொறாது சன்னலைச் சாத்தியிருக்கும் வீடு நம் தெருவில் எது என்று அறிந்து, மாலையில் ஒரு முறை அங்குச் சென்று அமர்ந்து வருவோமாக.