இராப்போஜன வேளையில் வந்த தந்தி



உணவருந்தும் வேளையில் கைப்பேசி அதிர்ந்ததும் உள்ளம் பதறுகிறதே, அதை இக்காலத்துக்கே உரிய வியாதி என்று நீங்கள் எண்ணியிருக்கக்கூடும். அதன் வரலாறு நூற்றைம்பது ஆண்டுகளுக்கும் மேற்பட்டது.

1844-ஆம் ஆண்டு மே 24 அன்று சாமுவேல் மோர்ஸ் வாஷிங்டனிலிருந்து பால்டிமோருக்கு அனுப்பிய தந்தி ஒரு வேதவசனமே. எண்ணாகமம் 23:23-இல் பிலேயாம் சொல்லிய வியப்பின் வார்த்தை அது. எடுத்து வாசித்துப் பாருங்கள். மோர்ஸ் ஒரு போதகரின் மகன். ஆயினும் அந்த வசனத்தைத் தெரிந்தெடுத்தவர் ஆனி எல்ஸ்வொர்த் என்னும் இளம்பெண்.

தந்திக்கு முன், அயல்நாட்டுச் சந்தையின் நிலவரம் கப்பலேறி வரும் கடிதத்தோடுதான் வணிகனை வந்தடையும். அனுப்பிய சரக்கு என்ன விலைக்குப் போயிற்று என்றறிய மாதங்கள் செல்லும். அந்தக் காத்திருப்பிலும் கவலை இருந்தது, மறுப்பதற்கில்லை. கப்பல் மூழ்கினால் முதலும் மூழ்கும். ஆனால் அதைக்குறித்து அவன் செய்யக்கூடியது ஒன்றுமில்லை. ஆகவே, மாலையில் கணக்கேட்டை மூடிவிட்டு வீடு திரும்பினான்.

1866-இல் அட்லாண்டிக் கடலடித் தந்தி நிலையாக இயங்கத் தொடங்கியது. இரண்டே ஆண்டுகள் கழித்து, நியூயார்க் வணிகர் வில்லியம் டாட்ஜ் தம் உரையொன்றில் ஒரு காட்சியை விவரித்தார். நாள் முழுதும் உழைத்துக் களைத்த வணிகன், தொழிலை மறந்து குடும்பத்தாரோடு பந்தியில் அமர்கிறான். அந்நேரம் இலண்டனிலிருந்து தந்தி வருகிறது: சான்பிரான்சிஸ்கோவில் 20,000 பீப்பாய் மாவு வாங்க வேண்டுமாம். பாதி மென்றும் மெல்லாமலும் விழுங்கிவிட்டு, கலிபோர்னியாவுக்குச் செய்தி அனுப்ப ஓடுகிறான்.

அவன் ஏன் ஓடினான்? தந்தி விடியும்வரை காத்திருக்கும். போட்டியாளன் காத்திருக்க மாட்டான். அதே விலை நிலவரம் அவன் வீட்டுக்கும் வந்திருக்குமே! இத்தனைக்கும் டாட்ஜ் ஞாயிற்றுக்கிழமைகளில் இரயில் ஓடுவதை எதிர்த்த பக்திமான். ஓய்வுநாளைக் காக்க அவருக்குக் கட்டளை இருந்தது. இராப்போஜனத்தைக் காக்க எந்தக் கட்டளையைக் காட்டுவார்?

1881-இல் ஜார்ஜ் பியர்டு என்ற மருத்துவர், இவரும் ஒரு போதகரின் மகனே, அமெரிக்கரின் நரம்புத் தளர்ச்சியைப்பற்றி ஒரு நூல் எழுதினார். நீராவி, பத்திரிகை, தந்தி, விஞ்ஞானம், பெண்களின் அறிவு முயற்சி ஆகிய ஐந்தையும் அவர் காரணங்களாகக் கூறினார். கடைசிக் காரணத்தைப் படித்து நம் சகோதரிகள் நகைக்கட்டும். அது அவர் காலத்தின் குருட்டுத்தனம். மற்றபடி கூர்மையான கண் அவருக்கு இருந்தது. உலகமெங்குமுள்ள விலையேற்ற இறக்கங்கள் ஓயாமல் வணிகனை வந்தடைவதையும், கடிகாரம் மனிதனை நிமிடக் கணக்கில் விரட்டுவதையும் அவர் கவனித்து எழுதினார்.

அவர் கைக்கொண்ட சிகிச்சை என்ன தெரியுமா? மின்சாரம். எந்த மின்சாரம் கம்பிவழியே ஓடி வணிகனை இளைக்கப்பண்ணிற்றோ, அதையே மெல்லிய அளவில் நோயாளியின் உடலிலே பாய்ச்சினார்கள். களைத்தவர்களும் அதை நாடிச் சென்றார்கள்.