மண்டை ஓட்டோடு மல்லுக்கட்டிய கதை

மக்களே, ரொம்ப நாளா எழுதணும்னு நினைச்ச விஷயம். கேம் ஆடாதவங்களும் ஓடிடாதீங்க, வரலாறும் வருது.

2017. இஞ்சினியரிங் மூணாவது வருஷம், ஹாஸ்டல் ரூம், சூடாகிக் கத்தும் பழைய லேப்டாப். ஆடிக்கொண்டிருந்தது பால்டர்ஸ் கேட் 2. பயோவேர் 2000-ல் வெளியிட்டது; என்னிடம் இருந்தது 2013-ல் வந்த புதுப்பித்த பதிப்பு. அதில் அத்கத்லா நகரின் துறைமுகப் பகுதியில் ஒரு கல்லறை, உள்ளே கேங்காக்ஸ். அவன் எலும்புகளைத் தேடிச் சேர்த்துக் கொடுத்தால் எழுந்து நம்மையே அடிப்பான் (நன்றி கெட்ட ஜென்மம்). அடித்து வீழ்த்தினால் வெறும் மண்டை ஓடாக மிதந்து மறுபடி வருவான். அதற்குப் பெயர் டெமிலிச்.

நான் விடுவேனா? உடம்பு முழுக்க இரும்புக் கவசம், கையில் பிளஸ் 3 வாள். ஒரு கீறல் விழவில்லை. பிளஸ் 4-க்குக் குறைந்த எந்த ஆயுதமும் அவனைத் தொடாது. அவன் பதிலுக்கு ஒரு மந்திரம் போட்டு என்னைப் பூமிக்கடியில் சிறை வைத்தான். ஆட்டம் காலி. கவசமெல்லாம் வாள்வீச்சுக்குத்தான், இந்த மந்திரத்துக்கு அல்ல.

ஏழெட்டு தடவை செத்த பிறகு ரூம்மேட் எட்டிப் பார்த்தான். "மச்சி, பேய் பிசாசுகளுக்கு உன்னைக் கண்ணுக்குத் தெரியாம பண்ற சுருள் ஒண்ணு வச்சிருக்கியே, அதைப் படிச்சுட்டுப் போடா." எனக்குக் கோபம். "அது போங்கு ஆட்டம்டா!" அன்று ராத்திரி சாப்பாட்டு வரைக்கும் சண்டை.

அவனை மடக்கத்தான் இந்த விளையாட்டுகளின் பூர்வீகத்தைத் தோண்டினேன். மாட்டிக்கிட்டது நான்.

எல்லாத்துக்கும் தாய், கேரி கைகாக்ஸும் டேவ் ஆர்னசனும் 1974-ல் வெளியிட்ட டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ். காகிதம், பென்சில், பகடை, அவ்வளவுதான். கவசத்துக்கு ஒரு எண் உண்டு: ஒன்றும் அணியாதவனுக்கு 9, முழுக் கவசமும் கேடயமும் இருந்தால் 2. எண் குறையக் குறைய நல்லது. (2000-ல் வந்த மூன்றாம் பதிப்பில்தான் இதைத் தலைகீழாகத் திருப்பினார்கள். அதே வருஷம் வந்த பால்டர்ஸ் கேட் 2 பழைய கணக்கிலேயே ஓடியது; எத்தனை பேர் தலையைப் பிய்த்துக்கொண்டார்களோ.)

ஆயுதத்தில்தான் வேடிக்கை. முதல் விதிகளில் குத்துவாளோ இரண்டு கையால் பிடிக்கும் பெரிய வாளோ, விழும் அடி ஒரே ஆறுமுகப் பகடைதான். ஆயுதத்துக்கு ஆயுதம் அடி மாறியது 1975-ல், கிரேஹாக் என்ற இணைப்பு நூலில். அப்படின்னா 1974-ல் கடைக்குப் போய் என்னத்தைத் தேர்ந்தெடுப்பது? விலைப்பட்டியலைப் பார்த்தேன். குத்துவாள் 3 பொன். பூண்டு 5 பொன்! கூடவே கண்ணாடி, மரச்சிலுவை, ஆப்பும் சுத்தியலும். இரத்தக் காட்டேரிக்குப் பூண்டு ஆகாது, அதனால்தான் கத்தியைவிடப் பூண்டு உசத்தி. எதிரி யாருன்னு தெரிஞ்சு பை கட்டணும் என்பது முதல் வருஷமே இருந்திருக்கிறது. எண்ணைக் கூட்டும் மோகம் பிறகு வந்தது.

என் வாயை அடைத்தது அடுத்தது. 1975-ல் ஆரிஜின்ஸ் மாநாட்டில் கைகாக்ஸ் நடத்தி, 1978-ல் அச்சான டூம் ஆஃப் ஹாரர்ஸ். 'என் வீரனை ஒருத்தனும் அசைக்க முடியாது' என்று மார்தட்டியவர்களுக்காகவே எழுதியது. கடைசி அறையில் அசரெராக்: ஒரு மண்டை ஓடு, டெமிலிச்! தொடாதவரை சும்மா கிடக்கும். தொட்டால் எழுந்து, குழுவிலேயே வலிமையான ஆளைத் தேடி ஆன்மாவை உறிஞ்சும். தப்பிக்கப் பகடை உருட்டும் வாய்ப்பே கிடையாது. அதை அசைக்கக்கூடிய ஆயுதங்களும் மந்திரங்களும் ஒரு சின்னப் பட்டியல், மற்றதெல்லாம் தூசு. நாங்கள் கோடில் எழுதும் அனுமதிப் பட்டியல் மாதிரிதான். உன் பெயர் அதில் இல்லையா, நீ எவ்வளவு பெரிய ஆளானாலும் வெளியே நில்.

கேங்காக்ஸ் இந்த அசரெராக்கின் வாரிசு. அவனிடம் கவசத்தை நம்பிப் போனது என் தப்பு.

மறுநாள் கடையில் சீந்துவாரில்லாமல் கிடந்த பிளஸ் 4 தடி ஒன்றை வாங்கினேன். ஆமாம், தடி. சுருளைப் படித்தேன். மண்டை ஓடு என்னைப் பார்க்காமல் அந்தரத்தில் தொங்க, ஊர்க்கிழவி துணி துவைப்பது போல அடித்துத் தீர்த்தேன். கொஞ்சம் சப்பென்றுதான் இருந்தது, மறைக்க விரும்பவில்லை.

கிடைத்த மோதிரத்தை நானே போட்டுக்கொண்டேன். ரூம்மேட் அதில் பங்கு கேட்டு இன்றைக்கும் மெசேஜ் அனுப்புகிறான் :-)