பெலென் ரயிலடி விடுதி

பத்தொன்பதாம் நூற்றாண்டில் அமெரிக்காவின் மேற்குச் சீமையில் ரயிலேறியவர்கள் பட்ட பாடு கொஞ்சநஞ்சமல்ல. சாப்பாட்டுக்காக வண்டி இருபது நிமிஷம் நிற்கும். காய்ந்த ரொட்டியும் கறுப்புத் தண்ணீர் போன்ற காப்பியும் மேஜைக்கு வருவதற்குள் மணி அடித்துவிடும்.

இதை மாற்றியவர் பிரெட் ஹார்வி. இளம் வயதில் இங்கிலாந்திலிருந்து நியூயார்க்கில் வந்திறங்கி, ஹோட்டலில் பாத்திரம் தேய்த்தவர். 1876-ல் டொபீகா ரயிலடியில் சாப்பாட்டு விடுதி திறந்தார். சலவைத் துணி விரித்த மேஜை, நல்ல சமையல். எத்தனை பேர் சாப்பிட வருகிறார்கள் என்பது தந்தி மூலம் முன்னதாகவே வந்துவிடும். ஸான்டா பே ரயில் பாதை நெடுகிலும் விடுதிகள் முளைத்தன.

ஆனால் என் மனம் ஹார்வியிடம் நிற்கவில்லை. அவர் அமர்த்திய பெண்களிடம்தான் நிற்கிறது. 1883-ல் ராட்டன் என்ற ஊரில், குடித்துவிட்டுச் சண்டை போட்ட ஆண் பரிசாரகர்களை வெளியேற்றிவிட்டு, பத்திரிகையில் விளம்பரம் செய்து இளம் பெண்களை வரவழைத்தார். கறுப்பு உடை, வெள்ளை மேலங்கி. இரவு பத்து மணிக்குள் படுக்கை. காவலுக்கு ஒரு மூத்த அம்மாள். ஒப்பந்தக் காலம் முடியும்வரை கல்யாணம் கூடாது. ஒரு பெண் காப்பியா, தேநீரா என்று கேட்டுக் கோப்பையைக் கவிழ்த்தோ நிமிர்த்தோ வைத்துப் போவாள். பின்னால் வருகிறவள் அதைப் பார்த்தே ஊற்றுவாள். பயணிகளுக்கு அது மாயவித்தையாகப் பட்டதாம்!

கட்டுப்பாடுகளைப் படிக்கும்போது எனக்குக் கோபம் வரத்தான் செய்கிறது. ஆனால் வயற்காட்டையும் அடுப்பங்கரையையும் தவிர வேறு உலகம் காணாத பெண்ணுக்குச் சம்பளம், சாப்பாடு, தங்குமிடம், ரயில் சீட்டு எல்லாம் கிடைத்தன. சொந்தக் காசை எண்ணிப் பார்த்த சுகத்தை அவள் எந்த விதிக்கும் ஈடாக விட்டிருக்கமாட்டாள். வந்தவர்களில் பலர் அங்கேயே மணம் புரிந்து குடும்பம் நடத்தினார்கள்.

நியூ மெக்ஸிகோவில் பெலென் என்று ஓர் ஊர். ஸ்பானிய மொழியில் பெத்லகேமுக்கு அதுதான் பெயர். மலை ஏற்றத்தைத் தவிர்க்க 1908-ல் போட்டு முடித்த பாதை அவ்வூரை ரயில் சந்திப்பாக்கிற்று. 1910-ல் ஹார்வி விடுதி எழுந்தது. சாப்பாட்டு வண்டிகளும் மோட்டார்களும் பெருகவே, 1939-ல் மூடினார்கள். பிறகு ரயில் தொழிலாளர்கள் தங்கி இளைப்பாறினார்கள். கடைசியில் கட்டிடத்தை இடிக்கப் பேச்சு எழுந்தபோது, ஊர் ஜனங்கள் குறுக்கே நின்றார்கள். 1983-ல் தேசிய வரலாற்றுப் பதிவேட்டில் ஏறிற்று.

இன்று அது மியூசியம். அந்தப் பெண்கள் தூக்கித் திரிந்த பீங்கான் தட்டுகள் அங்கே கண்ணாடிக்குள் இருக்கின்றன. வெளியே நீளச் சரக்கு வண்டிகள் இரவும் பகலும் ஓடிக்கொண்டிருக்கின்றன.