புற்றுநோய் அறிக்கையில் 'எல்விஐ': நிணநீர், ரத்த நாள ஊடுருவல் உணர்த்துவது என்ன?

புதுதில்லி: புற்றுநோய் அறுவை சிகிச்சைக்குப் பிறகு நோயாளிக்கு வழங்கப்படும் நோய்க்குறியியல் அறிக்கையில், கட்டியின் அளவு, தரநிலை, வெட்டு ஓரங்களின் நிலை ஆகியவற்றுடன் 'லிம்போவாஸ்குலர் இன்வேஷன்' என்ற வரியும் இடம்பெறுகிறது. சுருக்கமாக 'எல்விஐ' எனப்படும் இந்த வரிக்கு எதிரே 'உள்ளது' எனக் குறிக்கப்பட்டிருந்தால், அடுத்தகட்ட சிகிச்சை குறித்த முடிவே சில நேரங்களில் மாறக்கூடும்.

இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சிலின் தேசியப் புற்றுநோய்ப் பதிவேட்டுத் திட்ட மதிப்பீட்டின்படி, 2022-ஆம் ஆண்டில் நாட்டில் சுமார் 14.61 லட்சம் பேர் புதிதாகப் புற்றுநோயால் பாதிக்கப்பட்டனர். அவர்களில் அறுவை சிகிச்சை செய்துகொள்ளும் பெரும்பாலானோர் இந்த வரியை எதிர்கொள்ள நேரிடுகிறது.

எல்விஐ என்பது என்ன?

உடலில் ரத்த நாளங்களைப் போலவே நிணநீர் நாளங்களும் பின்னிப் படர்ந்துள்ளன. கட்டியிலிருந்து பிரியும் புற்றுநோய்ச் செல்கள் இவற்றில் ஏதேனும் ஒன்றின் உட்பகுதிக்குள் காணப்படுவதே நிணநீர், ரத்த நாள ஊடுருவல் ஆகும். நிணநீர் நாளத்தில் நுழையும் செல்கள் அருகிலுள்ள நிணநீர்க் கணுக்களைச் சென்றடையலாம். ரத்த நாளத்தில் நுழைபவை நுரையீரல், கல்லீரல், எலும்பு போன்ற தொலைவிலுள்ள உறுப்புகளை அடையலாம்.

எவ்வாறு கண்டறியப்படுகிறது?

ஸ்கேன் பரிசோதனைகளில் இந்த நுண்ணிய ஊடுருவல் பொதுவாகத் தென்படுவதில்லை. அகற்றப்பட்ட திசுவை மெல்லிய சீவல்களாக வெட்டி, சாயமேற்றி, நுண்ணோக்கியில் ஆராயும் நோய்க்குறியியல் மருத்துவரே இதனைக் கண்டறிகிறார். திசுவைப் பதப்படுத்தும்போது அது சுருங்குவதால் கட்டியைச் சுற்றி வெற்றிடங்கள் தோன்றுவதுண்டு. அவை நாளங்களைப் போலவே காட்சியளிக்கும். ஐயம் எழும்போது, நாளங்களின் உட்சுவர்ச் செல்களை அடையாளம் காட்டும் சிடி31, நிணநீர் நாளங்களை மட்டும் காட்டும் டி2-40 போன்ற சிறப்புச் சாயப் பரிசோதனைகள் மேற்கொள்ளப்படுகின்றன.

நோய்க்கேற்ப மாறும் முக்கியத்துவம்

எல்விஐ-யின் முக்கியத்துவம் எல்லாப் புற்றுநோய்களிலும் ஒன்றுபோல் இருப்பதில்லை. விதைப்புற்றுநோயில் இதன் தாக்கம் தெளிவாகப் புலப்படுகிறது. செமினோமா அல்லாத வகையில், நோய் விதைப்பையைத் தாண்டாத முதல் நிலையில், எல்விஐ இருந்தால் கூடுதல் சிகிச்சையின்றிக் கண்காணிக்கப்படுவோரில் ஏறத்தாழ பாதிப் பேருக்கு நோய் திரும்புகிறது. எல்விஐ இல்லாதோரிடம் இது சுமார் 15 சதவீதமாக உள்ளது. எனவே, எல்விஐ உள்ளவர்களுக்கு ஒரு சுற்று கீமோதெரபி பரிந்துரைக்கப்படுவதுண்டு. எனினும், உரிய கண்காணிப்பும் சிகிச்சையும் கிடைத்தால் இரு பிரிவினரும் ஏறக்குறைய முழுமையாகக் குணமடைகின்றனர்.

மார்பகப் புற்றுநோயின் நிலையை நிர்ணயிக்கும் டிஎன்எம் முறையில் எல்விஐ கணக்கில் கொள்ளப்படுவதில்லை. ஆயினும், நிணநீர்க் கணுக்களில் நோய் பரவாதவர்களிடமும் நோய் மீண்டும் வருவதற்கான வாய்ப்பை உயர்த்தும் காரணியாக அது கருதப்படுகிறது. இரண்டாம் நிலைப் பெருங்குடல் புற்றுநோயில் கீமோதெரபி தேவையா எனத் தீர்மானிக்கப் பயன்படும் ஆபத்துக் காரணிகளுள் அதுவும் ஒன்று. கொலோனோஸ்கோபி மூலம் அகற்றப்பட்ட குடல் பாலிப்பில் புற்றுநோயுடன் எல்விஐ-யும் காணப்பட்டால், குடலின் அப்பகுதியை அறுவை சிகிச்சை வாயிலாக நீக்குவது குறித்து ஆலோசிக்கப்படுகிறது.

கருப்பை உட்சவ்வுப் புற்றுநோயில், சர்வதேச மகளிர் மருத்துவம் மற்றும் மகப்பேறியல் கூட்டமைப்பான 'ஃபிகோ' 2023-இல் வெளியிட்ட வகைப்பாடு எல்விஐ-க்குத் தனி இடம் அளித்துள்ளது. தீவிரத்தன்மை குறைந்த வகைகளில், ஐந்து அல்லது அதற்கு மேற்பட்ட நாளங்களில் ஊடுருவல் இருந்தால் நோய் 2பி நிலையாகக் கருதப்படுகிறது. கருப்பைவாய்ப் புற்றுநோயில் எல்விஐ நோயின் நிலையை மாற்றுவதில்லை. கட்டியின் அளவு, ஊடுருவிய ஆழம் ஆகியவற்றுடன் சேர்த்து, கதிர்வீச்சு சிகிச்சை குறித்து முடிவெடுக்க அது உதவுகிறது.

இந்திய ஆண்களிடையே அதிகம் காணப்படும் வாய்ப் புற்றுநோயிலும் எல்விஐ கருத்தில் கொள்ளப்படுகிறது. நிணநீர்ப் பாதை வழியாகக் கழுத்துக் கணுக்களுக்கு நோய் பரவுவதே இப்புற்றுநோயில் பெரும் சவால். தொடக்க நிலை வாய்ப் புற்றுநோய்க்கான அறுவை சிகிச்சையின்போதே கழுத்துக் கணுக்களையும் அகற்றினால், மூன்றாண்டு உயிர்வாழ்வு விகிதம் 67.5 சதவீதத்திலிருந்து 80 சதவீதமாக உயர்வதை மும்பை டாடா நினைவு மருத்துவமனையின் ஆய்வு 2015-இல் நிறுவியது. அது எல்விஐ குறித்த ஆய்வன்று எனினும், இப்பாதையின் முக்கியத்துவத்தை அது உணர்த்துகிறது.

நோய் பரவிவிட்டதாகப் பொருளா?

இல்லை. நாளத்துக்குள் நுழைந்த செல்களில் பெரும்பாலானவை ரத்த ஓட்டத்தின் அழுத்தத்தாலும் நோய் எதிர்ப்பு மண்டலத்தாலும் அழிந்துவிடுகின்றன. மிகச் சிறு பகுதியே வேறோர் உறுப்பில் நிலைகொண்டு வளர்கிறது. ஆகவே, எல்விஐ 'உள்ளது' என்பது ஆபத்து கூடியிருப்பதை மட்டுமே குறிக்கும். நோய் நான்காம் நிலையை எட்டிவிட்டதாக அது பொருள்படாது.

அதேபோல், 'காணப்படவில்லை' என்ற குறிப்பும் முழு உத்தரவாதமன்று. ஆராயப்பட்ட சீவல்களில் தென்படவில்லை என்பதே அதன் பொருள். ஊசி மூலம் எடுக்கப்படும் சிறு திசுவில் காணப்படாத ஊடுருவல், அகற்றப்பட்ட முழுக் கட்டியில் தெரியவரலாம்.

நோயாளிகள் கவனிக்க வேண்டியவை

அறிக்கையின் ஒரு வரியை மட்டும் தனித்துப் படித்து முடிவுக்கு வருவது தவறான அச்சத்துக்கோ அலட்சியத்துக்கோ இட்டுச்செல்லும். கட்டியின் அளவு, தரநிலை, கணுக்களின் நிலை, ஹார்மோன் ஏற்பிகள் முதலியவற்றுடன் இணைத்தே எல்விஐ மதிப்பிடப்படுகிறது. தமது சிகிச்சைத் திட்டத்தை இந்த முடிவு மாற்றுகிறதா, மாற்றினால் எவ்வாறு என மருத்துவரிடம் நேரடியாகக் கேட்டறியலாம்.

சிகிச்சைக்காக வேறு ஊருக்கோ வேறு மருத்துவமனைக்கோ செல்வோர், அறிக்கையின் நகலுடன் கண்ணாடித் தகடுகளையும் திசு பதிக்கப்பட்ட மெழுகுக் கட்டிகளையும் பெற்றுச் செல்வது நல்லது. ஐயத்துக்குரிய முடிவை மற்றொரு நோய்க்குறியியல் மருத்துவர் மறு ஆய்வு செய்ய அவை இன்றியமையாதவை.