கிம்லி: ஒரு சொர்க்கத்தின் குடிக்கணக்கு

கனடாவின் மானிட்டோபா மாகாணத்தில், வினிபெக் ஏரியின் மேற்குக் கரையில் கிம்லி என்றொரு கிராமிய நகராட்சி இருக்கிறது. 2021ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பின்படி அங்கே 6,569 பேர். நம்மூர்ப் பேரூராட்சிகள் பலவற்றைவிடச் சிறியது. ஆனால் பெயர் பெரிய பெயர். வடதேசத்துப் புராணத்தில் உலகம் அழிந்தபின் நல்லோர் வாழ எஞ்சும் பொற்கூரை மண்டபத்தின் பெயர் அது.

அப்பெயரைச் சூட்டியவர்கள் ஐஸ்லாந்திலிருந்து வறுமையால் வெளியேறியவர்கள். ஒண்டாரியோவில் ஓராண்டு அல்லாடிவிட்டு, 1875 அக்டோபர் 21 அன்று, பனிக்காலத்தின் வாசலில், படகுகளில் வந்து இறங்கினார்கள். ஏறத்தாழ 285 பேர். அதே ஆண்டு ஐஸ்லாந்தில் அஸ்க்யா எரிமலை வெடித்துக் கிழக்குப் பகுதி மேய்ச்சல் நிலங்களைச் சாம்பலால் மூடியது. எரிமலைதான் எல்லோரையும் துரத்தியது என்று சுருக்கமாகச் சொல்லிவிடுவார்கள். முதலில் வந்தவர்கள் அதற்கு முந்தைய ஆண்டே புறப்பட்டுவிட்டவர்கள். சாம்பலுக்குப் பின் 1876இல் வந்த பெருங்கூட்டம் சுமார் 1,200 பேர்.

கடலில் மீன்பிடித்தவர்களுக்கு, உறைந்த ஏரியின் அடியில் வலை விரிக்கத் தெரியவில்லை. கொண்டுவந்த வலைகளின் கண்ணளவும் அந்த மீன்களுக்குப் பொருந்தவில்லை. ஆனால் எழுத்து மட்டும் அவர்களை விட்டு நீங்கவில்லை. 1877லேயே 'ஃப்ராம்ஃபாரி' என்னும் பத்திரிகையைச் சொந்த மொழியில் அச்சிட்டார்கள். குடியிருப்பு அப்போது மானிட்டோபாவின் எல்லைக்கு வெளியே இருந்ததால், தங்களுக்கென ஓர் ஆட்சியமைப்பையே எழுதிக்கொண்டார்கள். நான்கு வட்டாரங்கள். ஆண்டுக்கு இரண்டு நாள் சாலை வேலை. விதவைகளுக்கும் அநாதைகளுக்கும் ஆதரவு. குடிக்கணக்குக்கும் பிறப்பு இறப்புக்கும் தனித்தனிப் பேரேடுகள். கஞ்சிக்கே வழியில்லாத இடத்தில் பேரேடு எழுத உட்கார்ந்தவர்களை எண்ணி வியக்காமல் இருக்க முடியவில்லை.

இந்தப் பெருமைக்கதையில் இடையூறாக ஒரு மனிதர் நிற்கிறார். ஜான் ராம்சே, சோல்ட்டோ பூர்வகுடியைச் சேர்ந்தவர். கிம்லிக்கு வடக்கே சாண்டி பார் என்னுமிடத்தில் அவருடைய மக்களின் ஊர் இருந்தது. அரசு அவ்விடத்தையும் சேர்த்தே ஐஸ்லாந்தியருக்கு ஒதுக்கியிருந்தது. அங்கிருந்தவர்களிடம் யாரும் கேட்கவில்லை. குடியேறிகளின் படகு கரையை அடைந்தபோது ராம்சே அதைத் திரும்பத் தள்ளிவிட்டார் என்று ஐஸ்லாந்தியரே எழுதிவைத்திருக்கிறார்கள். வழக்கு அதிகாரிகளிடம் போனது. தீர்ப்பு யார் பக்கம் என்று சொல்லத் தேவையில்லை. அப்புறமும் அவர்தான் அவர்களுக்கு இறைச்சி கொண்டுவந்து கொடுத்தார்.

1876 இலையுதிர்காலத்தில் புதியவர்களோடு பெரியம்மையும் வந்தது. ஐஸ்லாந்தியரில் நூறு பேருக்கு மேல் இறந்தார்கள், பெரும்பாலும் குழந்தைகள். சாண்டி பார் ஏறக்குறைய அற்றுப்போயிற்று. எஞ்சிய குடிசைகளைத் தொற்றுக்கு அஞ்சி எரித்தார்கள். ராம்சேயின் மனைவி பெட்சியும் பிள்ளைகள் சிலரும் மாண்டார்கள். புதியவர்களின் சாவைப் பதியப் பேரேடு இருந்தது. அவர்களுடைய சாவுக்கு?

ராம்சே தானே ஒரு பதிவு செய்தார். மிருகத்தோல்களை விற்று, மனைவிக்காகப் பளிங்குக் கல்லொன்றைப் பெயர் பொறித்து வாங்கி, தொலைவிலிருந்து கொண்டுவந்து நட்டார்.

அடுத்து நடந்தவை நாம் எங்கும் கேட்கும் கதைதான். இரண்டு பாதிரியார்களுக்கிடையே சமயப் பிணக்கு, 1880இல் வெள்ளம். பலர் டகோட்டாவுக்குப் பெயர்ந்தார்கள். 1887இல் ஊர் முறைப்படி நகராட்சியாயிற்று. 1897இல் ஐஸ்லாந்தியருக்கு மட்டுமே என்ற தடை நீங்கியது. உக்ரேனியர், போலந்தியர், ஜெர்மானியர் வந்தார்கள். ஏரிக்கரை நல்ல நிலம் முன்னவர்களிடமே இருக்க, பின்வந்தவர்களுக்குக் கிடைத்தது உட்புறத்துச் சதுப்பும் கல்லும். 1932 முதல் ஐஸ்லாந்தியர் திருவிழா இங்கேதான் நடக்கிறது. 2003இல் நகரமும் கிராமப்புறமும் ஒன்றாக இணைக்கப்பட்டன.

பெட்சியின் கல்லைச் சுற்றியிருந்த வேலி காலப்போக்கில் சிதைந்தது. பல ஆண்டுகள் கழித்து, த்ரௌஸ்டி விக்ஃபூசன் என்னும் ஐஸ்லாந்தியத் தச்சரின் கனவில் ராம்சே வந்து அதைச் செப்பனிடக் கேட்டாராம். தச்சர் மரம் அறுத்து, ஒவ்வொரு கம்பாகச் செதுக்கி, வேலியை மீண்டும் அடைத்துக்கொடுத்தார். கல் இன்னும் அங்கே நிற்கிறது.